காத்திருக்கும் காலத்திற்கான எண்ணெய்: தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு தரும் பாடம்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால் வெள்ளிமலை வரும். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெண்பிள்ளை இளங்கலைத் தமிழ் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தந்தைக்கு உடல்நலம் குன்றியதால் முதுகலைக்குப் போக முடியவில்லை. மரவள்ளிக் கொல்லையிலும் சாமைக் காட்டிலும் வேலை செய்கிறாள். கல்லூரிப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தார்கள்.

தந்தை இப்போது சற்றுத் தேறியிருக்கிறார். அடுத்த ஆண்டு எம்.ஏ. சேரலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் விருப்பம். தயங்குவது அவள்தான். குறுந்தொகையை எடுத்தால் உரை இல்லாமல் ஒரு வரிகூட நகரவில்லையாம். நன்னூல் சூத்திரங்கள் எல்லாம் மறந்துவிட்டனவாம். மற்றவர்கள் தொடர்ந்து படித்துக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் ஒன்றும் தெரியாதவளாய் அங்கே போய் உட்காரவா என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம் உண்டு. குருமடத்தில் நானும் இலத்தீனும் கிரேக்கமும் கற்றவன். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவன். மேற்படிப்புக்கு அனுப்பப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் புத்தகங்களை அலமாரியில் வைத்தேன். பங்குப் பணி, கட்டட வேலை, பள்ளி நிர்வாகம் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறையுரைக்காகக் கிரேக்க புதிய ஏற்பாட்டைத் திறந்து யோவான் நற்செய்தியின் தொடக்கத்தைப் படிக்க முயன்றேன். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் பேசவில்லை. ஓரத்தில் இளவயதில் நானே எழுதி வைத்த குறிப்புகள்கூட எனக்குப் புரியவில்லை. ஒருவரும் பார்க்காவிட்டாலும் வெட்கமாக இருந்தது. புத்தகத்தை மூடிவைத்தேன்.

இதே இடைவெளியை வேறுவிதமாகக் கடந்த ஒரு குருவின் நினைவு மலையிலிருந்து இறங்கும்போது வந்தது. அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் மாநாடு என்றால் அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் புகழுக்கு முன்பு இருந்த சில அமைதியான ஆண்டுகளைப் பலர் அறிவதில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

ஊர்காவற்றுறையிலிருந்து உரோமை வரை

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில், கரம்பொன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அந்நாளில் அத்தகைய கல்லூரிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. வீட்டில் தமிழ் பேசினாலும், பழந்தமிழ் இலக்கியம் மாணவர் கைக்கு எட்டாத தொலைவிலேயே இருந்தது.

1931இல் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்து மெய்யியல் பயின்றார். 1934இல் உரோமை நகருக்கு அனுப்பப்பட்டு, மறைபரப்புப் பேராயத்தின் ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருவிழா அன்று, குருத்துவ அருள்பொழிவு பெற்றார்.

அவர் இறையியல் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்து 258ஆம் ஆண்டில் மறைச்சாட்சியாக உயிர் தந்த புனித சிப்பிரியானின் காலத்தில், அந்நகரக் குருகுலம் எவ்வாறு வாழ்ந்தது என்பதே ஆய்வு. சிப்பிரியான் இலத்தீனில் எழுதியவர். அவருடைய மடல்களை மூலமொழியிலேயே படிக்க முடியாதவர் இந்த ஆய்வின் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இலத்தீன் அடிகளாருக்கு அந்த அளவிற்குக் கைவந்திருந்தது. இத்தாலியம், பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழிகளும் வசமாயின.

ஆனால் உரோமையில் இருந்தபோதும் அவர் தமிழை மறக்க விரும்பவில்லை. அங்கே படித்த தமிழ் மாணவர்களோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் தொடங்கினார். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருத்தலத்திற்குச் செல்லும் நம் மக்களுக்கு வீரமாமுனிவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடியவர் அவர். தமிழராய்ப் பிறந்து இத்தாலிக்குச் சென்ற மாணவர்கள் அவருடைய பெயரால் கூடித் தமிழை நினைத்தார்கள். சில இளைஞர்கள் மட்டுமே கூடிய சிறு கூட்டம்தான் அது. ஆயினும் தாய்நாட்டிலிருந்து தொலைவில் இருக்கும்போது ஒரு மொழியைக் காப்பது இப்படிப்பட்ட சிறு கூட்டங்கள்தான்.

முனைவர் ஒருவர் மாணவர் ஆகிறார்

உரோமைப் படிப்பை முடித்தபின் அடிகளார் இந்தியாவுக்கு வந்து தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றத் தொடங்கினார். 1923இல் உருவான அம்மறைமாவட்டத்திற்கு அப்போது மேதகு ரோச் ஆண்டகை ஆயராக இருந்தார். 1940இல் அடிகளார் வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியரானார். புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் வடக்கன்குளம் என்பதை நாம் அறிவோம்.

எண்ணிப் பாருங்கள். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற இளங்குரு. பல மொழிகள் அறிந்தவர். இப்போது தெற்குக் கோடியில் ஒரு பள்ளியில் வருகைப் பதிவேடும் கால அட்டவணையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை ஆண்டு படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று மனம் சோர்ந்துபோக எல்லா வாய்ப்பும் இருந்தது. படித்தது போதும் என்று அமர்ந்துவிடவும் வாய்ப்பு இருந்தது.

அவர் அந்த இரண்டையும் செய்யவில்லை. தம்மிடம் எது குறைவு என்று பார்த்தார். யாருக்காகக் குருவானாரோ அந்த மக்களின் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. சிப்பிரியானின் இலத்தீன் தெரிந்த அளவிற்குச் சங்கப் புலவர்களின் தமிழ் அவருக்குத் தெரியவில்லை. அதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு ஓர் ஆசிரியரைத் தேடினார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து, எழுத்து, சொல், யாப்பு என அடியிலிருந்து தமிழ் கற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பகலில் அவர் பிள்ளைகளுக்கு ஆசிரியர். ஓய்வு நேரத்தில் அவரே மாணவர். பண்டிதரின் சமயம் வேறு, இவர் கத்தோலிக்கக் குரு. வயதும் பட்டமும் அங்கியும் ஒருபுறம் இருக்க, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தாழ்ச்சி மறுபுறம் இருந்தது. செம்மொழி ஒன்றைக் கற்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாழ்ச்சிதான். மறந்துபோனவருக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. முன்பு தெரிந்த ஒன்றை இப்போது தெரியாது என்று ஒப்புக்கொள்வது, ஒருபோதும் தெரியாததை ஒப்புக்கொள்வதைவிடக் கடினம்.

இந்த நாள்களில்தான் அவர் தம் முன்னோரின் தமிழ்ப் பெயரான தனிநாயகம் என்பதைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

கற்ற இலத்தீன் என்ன ஆயிற்று?

தமிழில் மூழ்கிய அந்த ஆண்டுகளில் இலத்தீன் அவரை விட்டுப் போகவில்லை. போகாததற்குத் தனித் திறமை மட்டும் காரணமில்லை, திருச்சபையின் நடைமுறையும் காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்பு இலத்தீன் வழிபாட்டுமுறைக் குருக்கள் எல்லோரும் திருப்பலியை இலத்தீனில் நிறைவேற்றினார்கள். நாள்தோறும் திருப்புகழ்மாலையையும் அம்மொழியிலேயே செபித்தார்கள். விடியற்காலையில் சில திருப்பாடல்கள், மாலையில் சில, நடுவே திருச்சபைத் தந்தையரின் எழுத்திலிருந்து ஒரு பகுதி. இதைப் படிப்பு என்று எவரும் நினைக்கவில்லை. அது செபம். ஆனால் அந்தச் செபமே மொழியை நாள்தோறும் நாவிலும் செவியிலும் வைத்திருந்தது. தேர்வும் இல்லை, ஆசிரியரும் இல்லை, ஆனாலும் இலத்தீன் துருப்பிடிக்கவில்லை.

சங்கத்திற்குப் பின் வழிபாடு மக்களின் மொழிக்கு வந்தது. அது இறைவனின் பெரும் கொடை. நம் தாய்மார்கள் திருப்பாடல்களைத் தமிழில் பாடுவதைக் கேட்கும் எவரும் அதற்காக நன்றி சொல்வார்கள். எனினும் அந்தச் சங்கமே, குரு மாணவர்கள் திருச்சபையின் ஆவணங்களைப் புரிந்துகொள்ளும் அளவிற்கு இலத்தீன் கற்க வேண்டும் என்றும், விவிலிய மொழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் 1965இல் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012இல் இலத்தீனுக்கென ஒரு திருப்பீடக் கழகம் ஏற்படுத்தினார். இன்று உரோமையில் விவிலியம் பயிலச் செல்லும் நம் குருக்கள் கிரேக்கமும் எபிரேயமும் தெரியும் என்று காட்ட வேண்டியிருக்கிறது. இளமையில் கற்றதைப் பணி ஆண்டுகளில் விட்டுவிட்டவர்கள் அங்கே மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள்.

அப்படித் தொடங்குவது இழிவும் அல்ல. விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித எரோணிமுஸ் சிரியா நாட்டுப் பாலைநிலத்தில் தவம் செய்தபோது, கிறிஸ்தவராக மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்றார். இலத்தீன் இலக்கியத்தில் ஊறிய அவருக்கு அந்த எழுத்தும் ஒலியும் பெரும் பாடாக இருந்தன. பலமுறை கைவிட்டதையும், பிறகு ஆர்வத்தால் மீண்டும் தொடங்கியதையும் அவரே முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். கைவிட்டவர் என்று அவரை இன்று யாரும் சொல்வதில்லை. மீண்டும் தொடங்கியவர் என்பதால்தான் அவர் மறைவல்லுநர்.

சிதம்பரத்தில் இரண்டு கைகளும் சேர்ந்தன

1945இல் அடிகளார் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஆகவே அடிகளார் நம் மண்ணிலும் படித்தவர் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு அப்போது வயது 32. அருகில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய இளைஞர்களாகவே இருந்திருப்பார்கள். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்கும் பேறு அங்கே கிடைத்தது.

முதுகலைக்குப் பின் எம்.லிட். பட்டத்திற்காக அவர் எடுத்த ஆய்வு, பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை எவ்வாறு இடம் பெறுகிறது என்பது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பூவும் பறவையும் பொழுதும் மனித உள்ளத்தின் உணர்ச்சியோடு எப்படி இணைகின்றன என்பதை ஆராய்ந்தார். அதோடு நிற்காமல் கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பின்பு விரிவாக்கப்பட்டு 1966இல் மீண்டும் வெளிவந்தது. தமிழ் தெரியாத வெளிநாட்டு அறிஞர் பலர் சங்க இலக்கியத்தின் பக்கம் திரும்ப அது உதவியது.

இங்கே சற்று நின்று பார்ப்போம். வடக்கன்குளத்தில் தமிழைத் தேடிக் கற்காமல் இருந்திருந்தால் அவரால் சிதம்பரத்திற்குள் நுழைந்திருக்க முடியாது. அதே ஆண்டுகளில் இலத்தீனை நழுவவிட்டிருந்தால் அந்த ஒப்பீட்டிற்கு ஒரு கை குறைந்திருக்கும். 1940 முதல் 1945 வரை எந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டிலும் அவர் பெயர் மாணவராக இல்லை. எந்தப் பட்டமும் அந்த ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து அந்த ஐந்து ஆண்டுகளில்தான் விழுந்தது.

கற்றதைப் பகிர்ந்தவர்

பிறகு நடந்தது பலரும் அறிந்த வரலாறு. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். தொடர்ந்து பல நாடுகளுக்குச் சென்று தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். தமிழ்ப் பண்பாட்டை உலகிற்குச் சொல்ல 1952இல் ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்து நடத்தினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். அதன்பின்பும் மாணவராவதற்கு அவர் தயங்கவில்லை. பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து, 1957இல், 44ஆம் வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முறையாக முனைவர் ஆனார்.

ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த பழைய தமிழ் ஏடுகளையும் அச்சு நூல்களையும் தேடிச் சென்றார். இயேசு சபைக் குரு அந்தோம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதை வெளியுலகிற்குக் கொண்டுவந்து, 1966இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படிப் பதிப்பு வெளிவரச் செய்தார். தமிழும் ஐரோப்பிய மொழிகளும் ஒருசேரக் கைவந்த ஒருவரால்தான் அந்த நூலின் மதிப்பை உடனே உணர முடியும்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவரானார். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு நடந்தபோது, அங்கே கூடியிருந்த அறிஞரோடு சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிஸிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் மாநாடுகள் தொடர்ந்தன. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை உலக மேடைகளில் ஒலிக்கச் செய்தவர்களில் அடிகளார் முதன்மையானவர். 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் இறைவனடி சேர்ந்தார். 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தபோது, கிரேக்கத்தோடும் இலத்தீனோடும் தமிழை ஒரே வரிசையில் வைத்துப் பேசி வந்த அடிகளாரைப் பலர் நன்றியோடு நினைத்தார்கள்.

மணமகன் காலம் தாழ்த்தும்போது

அன்பார்ந்தவர்களே, மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன பத்துத் தோழியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மணமகன் வரக் காலம் தாழ்த்தினார். தோழியர் பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். முன்மதியுள்ள ஐவரும் உறங்கினார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உறங்கியதற்காக ஆண்டவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. காத்திருப்பு நீண்டதும் அவர்கள் குற்றமன்று. வேறுபாடு கையில் இருந்த கலத்தில்தான் இருந்தது. ஐவரிடம் எண்ணெய் இருந்தது, ஐவரிடம் இல்லை. எண்ணெயை நள்ளிரவில் கடன் வாங்க முடியவில்லை. முன்பே சிறிது சிறிதாகச் சேர்த்திருக்க வேண்டும்.

வீட்டு வறுமை, நோய், திருமணம், வேலை என்று நம் பிள்ளைகளின் படிப்பில் இடைவெளி விழுகிறது. மலைப்பகுதியில் அது இன்னும் அதிகம். அந்த இடைவெளி பாவமன்று, வெட்கப்பட வேண்டியதும் அன்று. அந்தக் காலத்தில் கலத்தில் ஏதாவது எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறோமா என்பதே கேள்வி. தனிநாயகம் அடிகளாரின் ஐந்து ஆண்டுகள் அந்த எண்ணெய் எப்படிச் சேர்கிறது என்று காட்டுகின்றன.

முதலாவது, நாள்தோறும் சிறிதளவு. ஞாயிறு ஒருநாள் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிப்பது நிலைக்கும். திருப்புகழ்மாலை குருவுக்கு இலத்தீனைக் காத்தது இப்படித்தான். புதிய பாடல்களைத் தேடி ஓட வேண்டாம். முன்பே படித்த ஒரு நூலை எடுத்து, உரையைக் கையால் மறைத்துப் பாட்டைப் படித்து, பொருள் சொல்லிப் பார்த்து, பிறகு உரையைத் திறந்து சரிபார்த்தால் போதும். சிறிது சிறிதாகத் திரும்பி வரும். முற்றிலும் மறந்ததாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி உள்ளே உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, துணைக்கு ஒருவர். உரோமையில் அடிகளாருக்கு ஒரு கழகம் இருந்தது, வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதர் இருந்தார். நம் ஊர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு.

மூன்றாவது, யாருக்காக என்ற தெளிவு. அடிகளார் தமிழைத் தம் புகழுக்காகக் கற்கத் தொடங்கவில்லை. தாம் பணிசெய்ய வந்த மக்களை அறியவே கற்றார். தனக்காக மட்டும் படிப்பவர் களைத்தால் விட்டுவிடுவார். இன்னொருவருக்குச் சொல்லித்தரப் படிப்பவருக்கு மறுநாள் எழ ஒரு காரணம் இருக்கும்.

அவிழ்ந்த சாக்கு

அடுத்த முறை வெள்ளிமலைக்குப் போனபோது, தந்தையும் உடன் அமர்ந்திருக்க, இந்த வரலாற்றை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். குறிஞ்சித் திணையில் வரும் தினைப்புனமும், கிளி ஓட்டும் பரணும், பாறையில் வழியும் அருவியும், சமவெளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் விளக்கிச் சொல்ல வேண்டியவை. மலையில் பிறந்தவளுக்கு அவை வீட்டு வாசல். சொல் மறந்திருக்கலாம். சொல் குறிக்கும் பொருள் அவள் கண்முன் நிற்கிறது. அடிகளார் நூலகங்களில் அமர்ந்து ஆராய்ந்த நிலத்தில் அவள் நாள்தோறும் நடக்கிறாள். பாடம் கேட்கும் அறையில் அவள் வெறுங்கையோடு உட்காரப்போவதில்லை.

அவள் சிரித்தாள். பிறகு, சாமி, நீங்கள் உங்கள் கிரேக்கத்தை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். மறையுரை சொல்பவருக்கு இப்படி ஒரு கேள்வி வருவது நல்லதுதான்.

ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். நாளுக்கு ஒரு குறுந்தொகைப் பாட்டு அவளுக்கு. நாளுக்கு ஒரு வசனம், எளிய கிரேக்கத்தில் எழுதப்பட்ட மாற்கு நற்செய்தியிலிருந்து, எனக்கு. நான் மலைக்கு வரும்போதெல்லாம் அந்தத் திண்ணையில் இருவரும் ஒப்பிக்க வேண்டும். சாட்சி அவளுடைய தந்தை. அவருக்குக் குறுந்தொகையும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. ஆனால் யார் தடுமாறுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது.

இதுவரை அவள் அறுபது பாடல்களுக்கு மேல் கடந்துவிட்டாள். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்குத் தமிழ்ப் பாடமும் சொல்லித்தருகிறாள். நான் மாற்கு இரண்டாம் அதிகாரத்தில்தான் நிற்கிறேன். திருவிழா வாரங்களில் தவறிவிட்டேன், மீண்டும் தொடங்கினேன். அவள் முதுகலைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதற்கான நாள் வரும்போது தந்தையின் உடல்நலமும் கையில் பணமும் ஒத்துழைக்க வேண்டும். அதற்காக உங்கள் செபத்தைக் கேட்கிறேன். ஆனால் பரண்மேல் இருந்த சாக்கு அவிழ்க்கப்பட்டு, புத்தகங்கள் இப்போது திண்ணை மாடத்தில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரண்மேலும் அப்படி ஒரு சாக்கு இருக்கலாம். பாதியில் நின்ற படிப்பாக இருக்கலாம், ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்கலாம், இளமையில் மனப்பாடமாய்ச் சொன்ன செபமாக இருக்கலாம். மணமகன் இன்னும் வரவில்லை. ஆகவே நேரம் இருக்கிறது. இன்று இரவு அதைக் கீழே இறக்குங்கள். சிறிது எண்ணெய் விடுங்கள்.

நாம் பெற்ற கொடைகளை மறவாமல் காத்துப் பிறருக்குப் பயன்படுத்தும் அருளை, தனிநாயகம் அடிகளாரின் வாழ்வை ஒளியாய்த் தந்த இறைவன் நமக்கும் தருவாராக. ஆமென்.